சூரியனில் ஒன்றும் நடக்காத இடம்

1

இந்தக் கதை கெட்ட எண்ணத்தில் பிறந்தது. அதை நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன். நீங்கள் பாதியில் கண்டுபிடித்துப் பெருமைப்படக் கூடாது.

என் மனைவி ஜெயலெட்சுமிக்குப் பொறாமைப்படத் தெரியாது. மற்ற எல்லாம் தெரியும். தேயிலைக் கொழுந்து பறிக்கத் தெரியும், கோபப்படத் தெரியும், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே நான் சொல்லப்போவது பொய் என்று தெரியும். இது ஒன்று மட்டும் வரவில்லை.

என் பெயர் ரெங்கசாமி. தெமோதரைப் பக்கம் ஒரு தோட்டத்தில் லொறி ஓட்டியவன். தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போனால் வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டேன். இப்போது பதுளையில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஏறினால் மூச்சு வாங்கும் ஒரு சந்தில் நாங்கள் இருவர் மட்டும் குடியிருக்கிறோம்.

மற்ற டிரைவர்மார் வீட்டுக்குப் போகும்போது மாம்பழமோ கருவாடோ வாங்கிப்போவார்கள். நான் பொய் கொண்டுபோவேன். அது அழுகாது, பொலிஸ்காரன் நிறுத்திச் சோதிக்கவும் மாட்டான். அப்புத்தளையில் பனி எவ்வளவு தடிப்பு என்றால், வளைவில் ரோட்டைத் தவறவிட்ட லொறி பனிமேலேயே கொஞ்ச தூரம் ஓடி மறுபடி ரோட்டில் ஏறியது என்பேன். தெமோதரையில் ரயில் பாதை ஒரு பெரிய வட்டம் சுற்றி, தான் விட்டு வந்த ஸ்டேஷனுக்குக் கீழேயே சுரங்கத்தில் நுழையும், பார்த்திருப்பீர்கள். ஒருநாள் ரயில் அத்தனை நீளமாம். கீழே சுரங்கத்தில் நுழைந்த எஞ்சின் டிரைவர், இன்னும் மேலே ஸ்டேஷனில் நிற்கிற கடைசிப் பெட்டி கார்டிடம் நெருப்புப் பெட்டி கேட்டு வாங்கினாராம். ஜெயலெட்சுமி கொழுந்துக் கறை படிந்த விரலால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்பாள். நான் மூச்சு விட நிறுத்தினால், "அப்புறம்?" என்பாள். அந்த ஒரு சொல்லுக்காகவே பலாங்கொடை மலைப்பாதையை விழுந்தடித்துக்கொண்டு ஏறி வந்திருக்கிறேன்.

பொய்களில் பெண்களும் உண்டு. பலாங்கொடையில் ஒரு தேத்தண்ணிக் கடைக்காரியை உண்டாக்கினேன். நல்ல கண், நீளமான சடை, என் லொறிச் சத்தம் கேட்டாலே எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைப்பாள் என்று சொன்னேன். ஜெயலெட்சுமி யோசித்தாள்.

"அவ வடைக்கு வெங்காயம் நெறையப் போடுவாளா?"

"போடுவா."

"அதான் ஒங்களுக்கு வயிறு ஊதுது."

அவ்வளவுதான். நாற்பது வருஷத்துக்கு மேல் இப்படி. வயசான காலத்தில் ஒரு முடிவுக்கு வந்தேன்: பொறாமை என்றால் என்ன, அதை எப்படிப் படுவது என்று இவளுக்கு நாமே செய்து காட்ட வேண்டும். ஒரு கதை எழுதுவேன். அதில் ஒரு புருஷன் பொறாமைப்படுவான். பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும்.

2

தொடக்கம், முதல் தரம்:

அவன் பொறாமையில் எரிந்துகொண்டிரு—

(முதல் வரியிலேயே எரியவிட்டால் இரண்டாவது வரிக்குச் சாம்பல்தான் மிஞ்சும். விட்டேன்.)

தொடக்கம், இரண்டாம் தரம்:

பண்டாரவளைச் சந்தையில் அன்றைக்கு வந்த கோவா, அதாவது முட்டைக்கோஸ், அத்தனை பெரிது, அதன் இலையை உரிக்க ஏணி வைத்த—

(இது வேறு கதை. பழக்கதோஷம்.)

மூன்றாம் தரம் பேனாவை மூடி வைத்துவிட்டு ஆட்களைச் சேர்த்தேன். புருஷன் ஒரு லொறிக்காரர். என்னைப்போல, ஆனால் என்னைவிட உயரம். மனைவி வள்ளியம்மை. மூன்றாவதாக ஒருத்தன் வேண்டும். அவனைப் பார்த்து லொறிக்காரர் வயிறெரிய வேண்டும், ஆனால் கடைசிப் பக்கத்தில் லொறிக்காரர்தான் ஜெயிக்க வேண்டும். ஆகவே அந்த ஆள் சரியான அறுவையாக இருக்க வேண்டும். ஓய்வுபெற்ற விஞ்ஞான வாத்தியார் என்று வைத்தேன். பெயர் வைரவநாதன். அவர் பேசுவதற்கு ஒரு விஷயம் தேவைப்பட்டது. கேட்கிற பெண் கொட்டாவி விடுகிற மாதிரி விஷயம்.

சந்தின் முனையில் போட்டோ கொப்பிக் கடை வைத்திருக்கும் ஸப்ரான்தான் என் கையெழுத்தை டைப் செய்து தருபவர். அவரிடம் போனேன்.

"தம்பி, ஒலகத்துலயே ஒண்ணும் நடக்காத விஷயம் ஒண்ணு வேணும். கேக்குறவங்களுக்குத் தூக்கம் வரணும்."

"ஒங்கட பழைய கதைங்களே இருக்கே அங்கிள்."

[டைப் செய்தவர் குறிப்பு: நான் இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அங்கிள் அதை எழுதாமல் விட்டிருக்கிறார். ஸப்ரான்.]

பிறகு மெஷினுக்குக் கீழே கையை விட்டு, மை அப்பிப் பாழாய்ப்போன கொஞ்சம் தாளை எடுத்தார். பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளை ஒன்று கொப்பி அடிக்கக் கொண்டுவந்ததாம். "தலைப்ப வாசிச்சே எனக்கு நித்திரை வந்துட்டுது அங்கிள்," என்று போனைப் பிடித்து மொழிபெயர்த்துக் காட்டினார். சூரியனின் அமைதிப் பகுதிகளில் உள்ள காந்த சக்தியும் முறுக்கும் என்று வந்தது.

"அமைதிப் பகுதின்னா?"

"கரும்புள்ளி இல்லாத எடம். பெரிய வெடிப்பு ஒண்ணும் வராத எடம். ஒண்ணும் நடக்காத எடத்தப் பத்தி இவ்வளவு பக்கம் எழுதி வெச்சிருக்கிறாங்க."

அந்தத் தாளை முத்தமிட்டிருப்பேன். மை ஒட்டிக்கொள்ளும் என்று விட்டேன்.

3

பின்னேரம் தேத்தண்ணி குடித்த கையோடு வாசித்துக் காட்டினேன். ஜெயலெட்சுமி சுளகில் பருப்பைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வாசித்தது இது:

லொறிக்காரர் கொழும்புக்குப் போயிருந்த ஒரு காலையில், பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த வைரவநாதன் வாத்தியார் முற்றத்தில் முக்காலி ஒன்றை நிறுத்தி, அதன்மேல் தொலைநோக்கியைப் பூட்டி, சூரியனுக்குக் குறி வைத்தார். துணி துவைத்துக்கொண்டிருந்த வள்ளியம்மை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னாங்க பாக்குறீங்க?"

"ஒண்ணும் நடக்காத எடத்தப் பாக்குறேங்க."

"அதுல பாக்குறதுக்கு என்னா இருக்கு?"

"அப்படித்தான் எல்லாரும் கேக்குறாங்க. ஒருத்தரும் வந்து பாக்குறதில்ல."

(அந்தத் தொலைநோக்கியில் தனியாக ஒரு சிவப்புக் கண்ணாடி உண்டு. இதைப் படித்துவிட்டு யாரும் வெறுங்கண்ணால் சூரியனை முறைக்க வேண்டாம். அத்தனை விலைச் சாமானை ஓய்வூதிய வாத்தியார் எப்படி வாங்கினார் என்றும் கேட்க வேண்டாம். கதைக்குள் சுங்க வரி கிடையாது.)

இந்த இடத்தில் அவள் கொட்டாவி விடுவாள் என்று நிறுத்தினேன். ஜெயலெட்சுமியின் விரல் பருப்பிலேயே நின்றுவிட்டது.

"போயிப் பாத்தாளா?" என்றாள்.

"யாரு?"

"வள்ளியம்மதான். வேற யாரு? போயிப் பாத்தாளா இல்லையா?"

நான் அவ்வளவு தூரம் எழுதியிருக்கவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். அன்றைக்கு ராத்திரிச் சோற்றில் பருப்போடு ஒரு கல்லும் வந்தது. அவள் கையில் அதுவரைக்கும் வந்ததில்லை.

4

இங்கே கதை கொஞ்சம் நிற்கும். மலை ஏறுகையில் எஞ்சின் சூடேறினால் ஓரமாக நிறுத்தித் தண்ணீர் ஊற்றுவதில்லையா, அது மாதிரி.

வாத்தியாரைப் பேசவைக்க வேண்டும் என்றால் எனக்குக் கொஞ்சமாவது தெரிய வேண்டும். ஆகவே ஸப்ரானின் கடையில் உட்கார்ந்து அந்தத் தாள்களைப் படித்தேன். எனக்கு விளங்கியது இவ்வளவு. சூரியன் முழுக்கக் காந்தம். கண்ணுக்குத் தெரியாத கோடுகளாக உள்ளேயிருந்து மேலே வருகிறது, வளைகிறது, மறுபடி உள்ளே இறங்குகிறது. கரும்புள்ளி உள்ள இடத்தில் கோடுகள் கட்டுக்கட்டாக வரும். வெடிப்பும் புயலும் அங்கேதான், பேப்பரில் படம் வருவதும் அந்த இடத்துக்குத்தான். மிச்ச இடம் அமைதிப் பகுதி. ஆனால் அங்கேயும் அடியிலிருந்து கொதித்து எழும்புகிறது. ஒவ்வொரு கொதிப்பின் அகலத்துக்குள்ளும் நம் பூமி இரண்டைப் பக்கம் பக்கமாக வைக்கலாம். நடுவில் எழும்புவது ஓரத்துக்குப் பரவும்போது காந்தத்தையும் ஓரத்துக்குத் தள்ளிவிடுகிறது, வாசல் கூட்டுகிறவள் குப்பையை ஒதுக்குகிற மாதிரி. ஒதுங்கிய கோடுகள் அங்கே நெரிபட்டு, முறுகி, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு நிற்கின்றன. மெல்லிய ஊற்றுகளாக நெருப்பு மேலே பீறி, சில நிமிஷத்தில் அடங்குகிறது. ஒன்றும் நடக்காத இடத்தின் லட்சணம் இது.

அந்த முறுக்குக்கும் பின்னலுக்கும் ஒரு கணக்கு உண்டு. அதை வாத்தியார் வாயால் சொல்லவைக்க எனக்கு ஒரு யோசனை வந்தது. இப்போது நினைத்தால், அந்த யோசனை வந்த மண்டையை நானே சுவரில் மோதிக்கொள்ளலாம்.

வள்ளியம்மை ஈரச் சேலையைப் பிழியப் போனாள். வாத்தியார் கையை நீட்டினார்.

"ஒரு முனைய எங்கிட்டக் குடுங்க. நீங்க ஒங்க வலப்பக்கமாத் திருப்புங்க. நானும் என் வலப்பக்கமாத் திருப்புறேன்."

"எதிரெதிரா நிக்கிறோமே, ஒண்ணுக்கொண்ணு அவிஞ்சிறாதா?"

"அவிழாது. அப்படித் திருப்பினாத்தான் ஏறும். எந்த முனையில நின்னு பாத்தாலும் முறுக்கு ஒரே பக்கம்தாங்க."

சேலை முறுகியது. தண்ணீர் கொட்டியது. இன்னும் முறுக்கியதும் சேலை தானே வளைந்து பாம்பு மாதிரி சுருண்டது.

"இப்ப விடுங்க," என்றார். விட்டார்கள். சேலை படபடவென்று அவிழ்ந்து இரண்டு பேர் முகத்திலும் தண்ணீரை விசிறியது.

"பாத்தீங்களா, உள்ள எவ்வளவு சக்தி இருந்திருக்கு? சூரியன்ல அமைதியான எடத்துல இடது முறுக்கும் இருக்கு, வலது முறுக்கும் இருக்கு, ஏறக்குறைய சரிக்குச் சரி. கூட்டிப் பாத்தா ஒண்ணுக்கொண்ணு கழிஞ்சு ஒண்ணுமே இல்லாத மாதிரி வரும்."

"அப்ப அந்தச் சக்தி?"

"அதுக்கு இடதும் கெடையாது வலதும் கெடையாதுங்க. அது கழியாது. கூடிக்கிட்டேதான் போகும்."

வள்ளியம்மை முகத்தைத் துடைக்கவில்லை.

(கடைசி வரியை ஏன் எழுதினேன் என்று எனக்குத் தெரியவில்லை. பேனா எழுதியது. வாசித்து முடித்த பிறகுதான் அதை நான் பார்த்தேன்.)

5

ஜெயலெட்சுமி பருப்பை ஒருமுறை புடைத்தாள். பிறகு சுளகைப் பார்த்துச் சொன்னாள்:

"நான் கொழாயில மாட்டித்தான் பிழிவேன்."

"என்னத்த?"

"சேலைய. ஒரு முனையக் கொழாயில மாட்டிட்டு மறுமுனைய முறுக்குவேன். ஒருக்கா கொழாயே கழண்டு வந்திருச்சு. லயத்து வரிசையில எல்லா வீட்டுக்காரங்களும் கத்துனாங்க. நீங்களும் வந்து கத்துனீங்க."

"நான் லொறியில—"

"லொறியிலதான் இருந்தீங்க. யாரு இல்லேன்னா?" கல் ஒன்றைப் பொறுக்கி முற்றத்தில் எறிந்தாள். "அப்புறம்? வாத்தியாரு என்னா சொன்னாரு?"

வாசகரே, அந்த "அப்புறம்?" எனக்குச் சொன்னது இல்லை. என்னைத் தாண்டி எனக்குப் பின்னால் நிற்கிற ஆளுக்குச் சொன்னது. திரும்பிப் பார்த்தேன். சுவர்தான் இருந்தது.

நம் லொறி நம்மையே வளைவில் முந்திக்கொண்டு போனால் எப்படி இருக்கும்? ஓட்டுகிறவன் இருக்கையில் ஆளே இல்லாமல்? எனக்கு அப்படி இருந்தது. பொறாமைப்படுவது எப்படி என்று செய்து காட்டத்தான் உட்கார்ந்தேன். செய்துதான் காட்டிக்கொண்டிருந்தேன். பார்க்க வேண்டியவள் என்னைப் பார்க்கவில்லை.

சரி, பேனா நம் கையில்தானே என்று மறுநாள் வாத்தியாருக்குத் தடிமனும் இருமலும் கொடுத்தேன். மூக்கு ஒழுகுகிற ஆளை எந்தப் பெண் பார்ப்பாள்?

"பாவம்," என்றாள் ஜெயலெட்சுமி. "கொத்தமல்லி அவிச்சுக் குடுக்கச் சொல்லுங்க அந்தப் புள்ளய."

நான் மாட்டேன் என்றேன். அவள் சுளகைக் கீழே வைத்துவிட்டாள். வள்ளியம்மை கொத்தமல்லி அவித்துக் கொண்டுபோனாள்.

அதற்கு மறுநாள் அவரைக் கஞ்சனாக்கினேன். "அவரு அப்படிப்பட்ட ஆளு இல்ல. கிழிச்சுப் போடுங்க," என்றாள். கிழித்தேன். அப்புறம் மழையில் வழுக்கிச் சாக்கடைக் கானுக்குள் விழவைத்தேன். வெள்ளை வேட்டி முழுக்கச் சேறு. எனக்கே சிரிப்பு வந்தது.

"தொலைநோக்கி ஒடஞ்சிருச்சா?" என்று கேட்டாள்.

கடைசியாக அவரைப் பொய் பேசவைத்தேன். பொய்யில் யார் பெரியவன் என்று தெரியட்டும் என்று, அவசரத்தில் என் தெமோதரை ரயிலையே அவர் வாயில் வைத்துவிட்டேன். காந்தக் கோடு சுற்றி வந்து தன்னையே தாண்டிக்கொண்டு போவதை விளக்குகிற சாக்கில், வாத்தியார் அந்த எஞ்சின் டிரைவரையும் கார்டையும் சொன்னார். அதே ரயில், அதே நெருப்புப் பெட்டி. ஜெயலெட்சுமி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"ஏ புள்ள, இது நான் ஒனக்குச் சொன்னதுதானே?"

"ஆமாங்க. ஆனா அவரு சொல்றது ஒரு மாதிரியா இருக்கு."

6

இந்தப் பகுதியை எழுதவே கூடாது என்று இருந்தேன். எழுதாவிட்டால் அடுத்தது விளங்காது.

ஒரு பின்னேரம் வாசித்துக்கொண்டிருந்தேன்: வள்ளியம்மை தேத்தண்ணி கொண்டுபோய் வைத்தாள், வாத்தியார் எடுத்துக் குடித்தார்.

"கோப்பையத் திருப்பிட்டுத்தானே குடிச்சாரு?" என்றாள் ஜெயலெட்சுமி.

"என்னது?"

"கோப்பையோட காதப் பிடிக்க வேண்டிய பக்கம் பிடிக்க மாட்டாரு. கோப்பைய அப்படியே திருப்பி, மத்தவங்க யாரும் வாய் வைக்காத பக்கமாத்தான் குடிப்பாரு. இடது காதும் கொஞ்சம் மந்தம். வலப்பக்கம் நின்னு பேசினாத்தான் கேக்கும்."

நான் தாளைப் பார்த்தேன். கோப்பையைத் திருப்பியதாக நான் எழுதவில்லை. காதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அவருக்குக் காது இருக்கிறது என்றே நான் எங்கும் சொல்லவில்லை.

"நான் எழுதாதது ஒனக்கு எப்படித் தெரியும்?"

"எழுதுறது நீங்க. பாக்குறது நானு." பருப்பை அரிக்கப் போய்விட்டாள்.

அன்றைக்குத்தான் எனக்கு இன்னொன்று ஞாபகம் வந்தது. முதல் நாள், ஆட்களைச் சேர்த்துக்கொண்டிருந்தபோது நான் அவளிடம்தான் கேட்டேன்: "வாத்தியாருக்கு ஏத்த மாதிரி நல்ல பேரு ஒண்ணு சொல்லு புள்ள." அவள் தலையைத் தூக்கவில்லை. யோசிக்கவும் இல்லை. "வைரவநாதன்," என்றாள். கடையில் உப்பு கேட்கிற மாதிரி.

கலியாணத்துக்கு முந்தி அவள் பசறைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தாள். அங்கே கொழுந்து பறித்தாள், அவள் ஆத்தாவுக்கு உடம்புக்கு முடியாமல் இருந்தது, நான் பெண் பார்க்கப் போனேன். எனக்குத் தெரிந்தது இவ்வளவு. மேற்கொண்டு நான் கேட்டதில்லை. அந்தக் காலத்தில் அங்கே ஒன்றும் நடந்திருக்காது என்று—

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு விருப்பமில்லை.)

"பசறையில ஒங்க தோட்டத்துல யாராச்சும் வைரவநாதன்னு இருந்தாங்களா?" என்று கேட்டேன். சும்மா கேட்கிற குரலில்தான் கேட்டேன். கேட்பதற்கு முன் முற்றத்தில் நின்று சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

"இது கதைதானே?"

"கதைதான்."

"பெறகு என்னாத்துக்குக் கேக்குறீங்க?"

7

நடந்தது இரண்டில் ஒன்று. நீங்களே பாருங்கள்.

ஒன்று: அந்தக் கோப்பையையும் மந்தக் காதையும் அவள் அந்த நிமிஷத்தில் உண்டாக்கினாள். அப்படியென்றால் என் வீட்டில் என்னைவிடப் பெரிய பொய்க்காரி ஒருத்தி இருக்கிறாள். பனிமேல் லொறி ஓட்டினேன் என்று நான் இத்தனை வருஷம் கத்திக்கொண்டிருக்க, இவள் ஒரு கோப்பையைத் திருப்பி ஒரு மனுஷனை உட்காரவைத்துவிட்டாள். பலாங்கொடைக்காரிக்கு நான் நல்ல கண்ணும் நீளச் சடையும் கொடுத்தேன். அவள் ஒருநாளாவது எழுந்து நடந்தாளா? எழுதுகிறவனுக்கு இதைவிட வயிற்றெரிச்சல் கிடையாது.

மற்றது: அவள் ஒன்றையும் உண்டாக்கவில்லை. ஞாபகத்திலிருந்து சொன்னாள். அப்படியென்றால் பசறைப் பக்கத்தில் ஒரு மனுஷன் கோப்பையைத் திருப்பிக் குடித்திருக்கிறான். அவனுக்கு வலப்பக்கமாக ஒரு பெண் நின்று பேசியிருக்கிறாள். அவளுக்கு அப்போது பதினெட்டோ பத்தொன்பதோ. புருஷனுக்கு இதைவிட வயிற்றெரிச்சல் கிடையாது.

இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியாது. இதை நினைத்து வயிறெரிந்தால் அதற்கு வேலையில்லை. அதை நினைத்தால் இதற்கு வேலையில்லை. ஒன்று இடப்பக்கம் முறுக்குகிறது, ஒன்று வலப்பக்கம். கூட்டிக் கழித்தால் நான் பொறாமைப்பட ஒரு காரணமும் இல்லை என்று வருகிறது. அந்த வாத்தியார் சொன்ன கணக்குத்தான். கழியாததைப் பற்றி அவர் சொன்னதும் சரியாகத்தான் இருக்கிறது. கடந்த சில வாரமாக எனக்கு நெஞ்சுக்குக் கீழே ஒரு சூடு. டாக்டர் அமிலம் என்றார். மாத்திரை கொடுத்தார்.

அந்தத் தாளில் இன்னொன்றும் இருந்தது. கோடுகள் அறுந்து வேறு கோடுகளோடு ஒட்டிக்கொண்டாலும் முறுக்கு லேசில் அழியாதாம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொள்ளுமாம். சூரியனை விட்டே வெளியில் வீசப்பட்டால்தான் அது ஒழியும். பசறையில் அறுந்தது தெமோதரைக்கு வந்து, தெமோதரையிலிருந்து பதுளைச் சந்துக்கு வந்து... போதும்.

8

கதையை முடித்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

முடிவு, முதல் தரம்: வாத்தியார் தொலைநோக்கியைத் துணியில் சுற்றிக்கொண்டு காலை ரயிலில் கொழும்புக்குப் போய்விட்டார். லொறிக்காரர் வீட்டுக்கு வந்தார். வள்ளியம்மை ஒரு முனையை நீட்டினாள். லொறிக்காரர் பிடித்துக்கொள்ள, சேலையைப் பிழிந்தார்கள். சுபம்.

ஜெயலெட்சுமி கேட்டாள். "சரி," என்றாள். சுளகைத் தட்டிவிட்டு எழுந்து போனாள். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் டைப் செய்யக் கொடுக்கப் போனால் ஸப்ரான் தலையைச் சொறிந்தார்.

"அங்கிள், வாத்தியாரு பண்டாரவளையிலேயே எறங்கிட்டாராமே?"

"எந்த வாத்தியாரு?"

"ஒங்கட வாத்தியாருதான்."

"அவரு கொழும்புக்குப் போயாச்சு தம்பி! நான்தானே அனுப்பினேன்!"

"டிக்கெட் கொழும்புக்குத்தானாம் அங்கிள். எறங்கினது பண்டாரவளையாம். அங்க நல்ல மழையாம்."

ஸப்ரானின் மனைவி ஹனா கடைக்குப் பின்னறையில் தையல் தைக்கிறாள். ஜெயலெட்சுமி பொத்தான் தைத்துக் கொடுக்கப் போவாள். அங்கேதான் நடந்திருக்கிறது. நான் முடித்த இடத்திலிருந்து அவள் தொடங்கிவிட்டாள்.

முடிவு, இரண்டாம் தரம்: வைரவநாதன் வாத்தியார் மாரடைப்பில்—

[டைப் செய்தவர் குறிப்பு: இதை நான் டைப் செய்யவில்லை. ஹனா அழுவாள் என்று அங்கிளிடம் சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். ஸப்ரான்.]

9

இப்போது நான் தினமும் பின்னேரம் ஸப்ரானின் கடையில் நிற்கிறேன். என் அடையாள அட்டை எத்தனையோ பிரதி எடுத்தாகிவிட்டது. பின்னறைக்கும் கடைக்கும் நடுவே ஒரு பலகைதான். ஜெயலெட்சுமியின் குரல் கேட்கும். முக்கியமான இடம் வரும்போதெல்லாம் அந்த ஹனா தையல் மெஷினை மிதித்துவிடுகிறாள்.

"...வள்ளியம்மை கதவைச் சாத்திட்டு..." கடகடகடகட. "...ரெண்டு கோப்பைதான் இருந்திச்சு..." கடகடகடகட. "...வலப்பக்கமா வந்து நின்னு..." கடகடகடகட.

"யா அல்லாஹ், பெறகு அக்கா?" என்று ஹனா கேட்பாள்.

நான் எழுதுகிறபோது ஒருத்தரும் கடவுளைக் கூப்பிட்டதில்லை.

நேற்றுக் கதை முடிந்துவிட்டது. ஹனா வெளியில் வந்தபோது கண் சிவந்திருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது. புருஷனுக்குக் கொண்டுவந்த தேத்தண்ணியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அது இரக்கமா, என்னவென்று எனக்குப் பிடிபடவில்லை.

"தம்பி, என்னா முடிவு?"

"சொல்ல ஏலா அங்கிள். ஹனா சத்தியம் வாங்கிட்டா."

"நல்ல முடிவா, கெட்ட முடிவா? அத மட்டும் சொல்லுங்க."

"அதுவும் சத்தியத்துக்குள்ளதான் வருது."

வீட்டுக்கு வந்தேன். ஜெயலெட்சுமி கால் நீட்டி உட்கார்ந்து, வேலை இல்லாத கையோடு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை அப்படி நான் பார்த்ததில்லை. அழகாக இருந்தாள். அதை வாயால் சொல்லாமல் வேறு ஒன்றைக் கேட்டேன்.

"அந்தக் கதை எப்படி முடிஞ்சிச்சு புள்ள?"

"ஒங்களுக்குச் சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"சொன்னா எழுதிப்புடுவீங்க."

ஆகவே, வாசகரே, இந்தக் கதைக்கு முடிவு இருக்கிறது. என்னிடம் இல்லை, அவ்வளவுதான். பதுளை பஸ் ஸ்டாண்டில் இறங்கிப் போட்டோ கொப்பிக் கடை என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். பெண்களாக இருந்தால் நல்லது; பின்னறைக்குள் விடுவார்கள். பொத்தான் பிய்ந்த சட்டை ஒன்றைக் கொண்டுபோங்கள். கதை கேட்க வந்ததாகச் சொல்லாதீர்கள். பேச்சோடு பேச்சாக வாத்தியாரைப் பற்றி விசாரியுங்கள். அவர் பசறையில் இருந்தாரா இல்லையா என்பது எனக்குத் தேவையில்லை. அவர் எங்கே இறங்கினார், மழை விட்டதா, இதெல்லாம் உங்களோடு இருக்கட்டும்.

ஒன்றே ஒன்றை மட்டும் கேட்டுக்கொண்டு வாருங்கள். ஜெயலெட்சுமி சொல்கிற கதையில் லொறிக்காரன் என்று ஒருத்தன் வருகிறானா? வந்தால், கடைசியில் அவன் லொறியை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் நுழையும்போது வள்ளியம்மை அங்கே இருக்கிறாளா?

இல்லை என்று ஜெயலெட்சுமி சொல்லியிருந்தால், என்னிடம் வந்து, "இருக்கிறாள்" என்று சொல்லுங்கள். நான் நம்பிவிடுவேன்.